அழைக்கத் தந்த திருப்பெயர்

மனிதன் கடவுளிடம் கேட்ட வினாக்களுள் மிகத் துணிவானது, ‘உம் பெயர் என்ன?’ என்பதேயாகும். ஓரேபு மலையில், எரிந்தும் கருகாத முட்புதரின் முன் காலணி களைந்து நின்ற மோசே இதனைச் சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்டார். மூதாதையரின் கடவுள் என்னை அனுப்பினார் என்று நான் மக்களிடம் சொன்னால், அவர் பெயர் என்ன என்று அவர்கள் கேட்பார்களே, அப்போது நான் என்ன மறுமொழி கூறுவேன் என்று வினவினார். எகிப்தில் செங்கல் அறுத்துக் களைத்துப்போயிருந்த அடிமைக் கூட்டமொன்றின் பொருட்டு அவ்வினா எழுந்தது. அவர்கள் பொருட்டே அதற்கு விடையும் அருளப்பட்டது.

நம் இல்லங்களில் கடவுளின் பெயர் ஒலிக்காத நாள் இல்லை. காலையில் சிலுவை அடையாளம் வரைகையில் அதனைச் சொல்கிறோம். கால் இடறினால் ‘இயேசுவே’ என்கிறோம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால், ‘கடவுள் சத்தியமாக நாளை தந்துவிடுகிறேன்’ என்கிறோம். கடையின் பெயர்ப்பலகையிலும், ஆட்டோவின் முகப்பிலும், கடலுக்குச் செல்லும் படகின் நெற்றியிலும் அப்பெயரை எழுதி வைக்கிறோம். இவ்வளவு எளிதாய் நம் நாவில் புழங்கும் இத்திருப்பெயரின் பொருள் என்ன? அதன் ஆற்றல் எங்கே உள்ளது? அதனைச் சொல்வதால் நமக்கு நேரும் கடமை யாது? இவற்றைச் சிந்திப்பது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

பெயர் கேட்டோரும் பெயர் இட்டவளும்

பண்டை மக்களுக்குப் பெயர் என்பது வெறும் அடையாளக் குறி அன்று. அது ஆளையே குறித்தது. எகிப்தியரின் பழங்கதை ஒன்றில், இசிஸ் என்னும் தெய்வம் கதிரவத் தெய்வமாகிய ‘ரா’வின் மறைபெயரைத் தந்திரத்தால் கேட்டறிந்து, அதனால் ஆற்றல் பெறுகிறது. பெயர் கிடைத்தால் தெய்வமும் வசப்படும் என்பதே அக்கதையின் உட்கிடை. மாந்திரிகர்கள் தெய்வப் பெயர்களை அடுக்கியதும் இந்த நம்பிக்கையினால்தான்.

இஸ்ரயேலின் கடவுள் இவ்வழிக்கு இடம் தரவில்லை. யாபோக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் போராடிய யாக்கோபு, தம்மோடு போராடியவரின் பெயரைக் கேட்டார். பெயர் கிடைக்கவில்லை, ஆசி கிடைத்தது. சிம்சோனின் தந்தையாகிய மனோவாகு, ஆண்டவரின் தூதரிடம் அவ்வாறே கேட்டார். அது வியப்புக்குரியது, அதை ஏன் கேட்கிறாய் என்ற மறுமொழியே வந்தது. கடவுளின் பெயரைப் பிடுங்கிக்கொள்ள எவராலும் இயலாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

ஆயினும், கேட்டவர்களுக்கு மறுக்கப்பட்டது ஒருபுறம் இருக்க, கேளாத ஓர் ஏழைப்பெண் கடவுளுக்கே பெயரிட்டதைத் தொடக்க நூல் 16-ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவள் ஆகார், சாராயின் பணிப்பெண், எகிப்தியள். கருவுற்ற நிலையில் தலைவியின் கொடுமை பொறுக்காது பாலைநிலத்திற்கு ஓடியவள். நீரூற்றின் அருகே ஆண்டவரின் தூதர் அவளைக் கண்டு, பெயர் சொல்லி அழைத்தார். அதுவரை அவள் தலைவரும் தலைவியும் பேசிய பேச்சில் அவள் ‘பணிப்பெண்’ மட்டுமே. அவர்கள் அவளைப் பெயரிட்டுக் குறித்ததாக அவ்வதிகாரத்தில் ஓரிடத்திலும் இல்லை. தன் பெயரைக் கேட்ட அவள், தன்னோடு பேசிய ஆண்டவருக்கு ‘எல் ரோயி’ என்று பெயரிட்டாள். என்னைக் காண்கின்ற இறைவன் என்பது அதன் பொருள். யாரும் ஏறெடுத்துப் பாராத பெண்ணொருத்தி கடவுளைக் குறித்துக் கண்ட உண்மை இது. கடவுளின் பெயர்கள் கல்விக்கூடங்களில் பிறந்தவை அல்ல. துன்புற்றோர் அவரைச் சந்தித்த இடங்களில் பிறந்தவை.

நான்கு எழுத்துகள்

மோசேக்கு அருளப்பட்ட மறுமொழி எபிரேய மொழியில் ‘எஹ்யே அஷேர் எஹ்யே’ என்று அமைந்துள்ளது. என்றும் இருக்கின்றவர் என்று இதற்குப் பொருள் கொள்வது நம் மரபு. இருப்பேன் என எதிர்காலத்திலும் இதனைப் பொருள்கொள்ள இயலும். இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்று உண்டு. அதற்குச் சற்று முன்னர்தான், பார்வோனிடம் செல்ல நான் யார் என்று மோசே தயங்குகிறார். அப்போது கடவுள், தாம் அவரோடு இருப்பதாக வாக்களிக்கிறார். அந்த வாக்குறுதியிலும் இதே ‘எஹ்யே’ என்னும் சொல்லே வருகின்றது. ஆகவே ‘இருக்கின்றவர்’ என்பது எங்கோ தொலைவில் தனித்திருக்கும் ஒருவரைக் குறிப்பதன்று. துன்புறும் மக்களோடு உடன் இருப்பவர் என்பதே அதன் உயிர்ப்பொருள்.

இம்மறுமொழியை அடுத்து, நான்கு மெய்யெழுத்துகளால் ஆன திருப்பெயர் கூறப்படுகின்றது. யோத், ஹே, வாவ், ஹே என்பன அவ்வெழுத்துகள். எபிரேயத் திருநூல்களில் இப்பெயர் ஏறத்தாழ 6,800 தடவை வருகின்றது. பழைய எபிரேய எழுத்தில் உயிரெழுத்துகளை எழுதும் வழக்கம் இல்லை. படிப்பவர்கள் தாமாகவே உயிரொலி சேர்த்துப் படிப்பார்கள்.

காலப்போக்கில் யூத மக்கள், அச்சம் கலந்த அன்பினால், இப்பெயரை வாய்விட்டு உச்சரிப்பதைக் குறைத்துக்கொண்டனர். ஆண்டிற்கு ஒருமுறை, பாவக் கழுவாய் நாளில், எருசலேம் கோவிலில் தலைமைக் குரு அதனை உரைப்பார் என்றும், கேட்ட மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்குவார்கள் என்றும் யூத மரபு கூறுகின்றது. கி.பி. 70-இல் உரோமையர் அக்கோவிலை அழித்தனர். அதன்பின் உச்சரிக்கும் வழக்கமும் மறைந்தது. நான்கு எழுத்துகளையும் கண்ணால் கண்டு, வாயால் ‘அதோனாய்’ என்று படித்தனர். என் தலைவர் என்பது இதன் பொருள்.

பிற்காலத்தில் திருநூலுக்கு உயிர்க்குறிகள் இட்ட அறிஞர்கள், இவ்விடத்தில் ‘அதோனாய்’ என்றே படிக்கவேண்டும் என்பதை நினைவூட்ட, அச்சொல்லின் உயிர்க்குறிகளை அந்நான்கு எழுத்துகளோடு சேர்த்து எழுதினர். இதனை அறியாதவர்கள் இரண்டையும் கலந்து படித்தமையால் உண்டான ஒலியே ‘யெகோவா’ என்பது. ‘யாவே’ என்பதோ, பண்டை உச்சரிப்பு இதுவாகவே இருந்திருக்கும் என்று அறிஞர்கள் ஆய்ந்து கூறும் வடிவமாகும்.

பாடலில் ஏன் வேண்டாம்?

2008-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள், திருவழிபாட்டுப் பேராயம், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் பணிப்பின்படி, உலக ஆயர் பேரவைகளுக்கு ஒரு மடல் அனுப்பியது. அப்போது அப்பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் பிரான்சிஸ் அரின்சே அதில் கையொப்பமிட்டிருந்தார். திருவழிபாட்டிலும், அங்குப் பாடும் பாடல்களிலும், செபங்களிலும் அந்நான்கெழுத்துப் பெயரைப் பயன்படுத்தவோ உச்சரிக்கவோ வேண்டா என்பது அம்மடலின் கட்டளை. நம் பங்குகளின் பாடற்குழுவினர் சிலர் இதனைக் கேட்டு வியப்படைவது உண்டு. கடவுளின் பெயரைச் சொல்லித் துதிப்பது எவ்வாறு தவறாகும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதற்கு விடை திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே இருக்கின்றது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் எபிரேயத் திருநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. அம்மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் அந்நான்கெழுத்துப் பெயருக்கு ஈடாகக் ‘கிரியோஸ்’ என்று படித்தார்கள். இலத்தீன் மொழியில் அது ‘தோமினுஸ்’ ஆயிற்று. தமிழில் நாம் ‘ஆண்டவர்’ என்கிறோம். இந்த மரபில் வளர்ந்தவர்களே திருத்தூதர்கள். உயிர்த்த இயேசுவை அவர்கள் ‘கிரியோஸ்’ என்று அறிக்கையிட்டபோது, கேட்ட யூதர்கள் திடுக்கிட்டார்கள். அவர்கள் வாய் உச்சரிக்க அஞ்சிய பெயருக்கு ஈடாக நின்ற சொல்லன்றோ அது! நாசரேத்துத் தச்சருக்கு அதனைச் சூட்டுவதா?

புனித பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய மடலில், எப்பெயருக்கும் மேலான பெயர் கிறிஸ்துவுக்கு அருளப்பட்டது என்றும், அவர் பெயருக்கு எல்லா முழங்கால்களும் மண்டியிடும் என்றும், எல்லா நாவும் அவரை ஆண்டவர் என அறிக்கையிடும் என்றும் எழுதுகிறார். முழங்கால் யாவும் மண்டியிடும் என்பது, இறைவாக்கினர் எசாயாவின் நூலில் இஸ்ரயேலின் கடவுள் தம்மைக் குறித்தே கூறியது. பவுல் அதனை இயேசுவுக்கு உரியதாக்குகிறார். ஆகையால், திருவழிபாட்டில் நாம் ‘ஆண்டவர்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டு உண்மைகளை ஒரே சொல்லில் அறிக்கையிடுகிறோம். முட்புதரில் பேசியவர் ஆண்டவர். சிலுவையில் தொங்கியவரும் ஆண்டவர். அச்சொல்லை நீக்கி வேறொன்றை வைத்தால் இந்த இணைப்பு நம் காதுக்கு எட்டாமல் போய்விடும்.

மறைக்கல்வியிலும் விவிலிய ஆய்விலும் அந்நான்கெழுத்துப் பெயரைக் குறித்து விளக்கிப் பேச இம்மடலால் தடையில்லை. வழிபாட்டிலுங்கூட அத்திருப்பெயர் முற்றிலும் நீங்கிவிட்டதாக எண்ண வேண்டா. ‘அல்லேலூயா’ என்னும் எபிரேயச் சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘யா’ அத்திருப்பெயரின் சுருக்கமே. ‘யாவைப் புகழுங்கள்’ என்பதே அல்லேலூயாவின் பொருள். தவக்காலம் முழுவதும் அதனைச் சொல்லாது காத்திருந்து, பாஸ்கா இரவில் எழுப்பி மகிழ்கிறோம். நம் பிள்ளைகளின் பெயர்களிலும் அது மறைந்து நிற்கின்றது. எலியா, எசாயா, யோவான் ஆகிய பெயர்களை உடையோர் அத்திருப்பெயரின் ஒரு துளியைச் சுமந்தே திரிகின்றனர்.

இயேசு என்னும் பெயர்

எல்லாவற்றிற்கும் மேலாக, அத்திருப்பெயர் தங்கியிருப்பது இயேசு என்னும் பெயரிலேயாகும். ‘யோசுவா’ என்பதன் மற்றொரு வடிவமாகிய இதற்கு, ‘யாவே மீட்பளிக்கிறார்’ என்பது பொருள். தம் மக்களை அவர்களின் பாவங்களிலிருந்து மீட்பார் என்பதனாலேயே இப்பெயரை இடவேண்டும் என்று வானதூதர் யோசேப்புக்குக் கனவில் உரைத்ததாகப் புனித மத்தேயு எழுதுகிறார். இப்பெயர் அந்நாளில் பலருக்கும் இருந்த எளிய பெயர். மக்கள் உச்சரிக்க அஞ்சிய கடவுள், தெருவில் அன்னையர் கூவி அழைக்கும் பெயரைத் தமக்கென எடுத்துக்கொண்டார். மனிதராதல் என்னும் மறைபொருள் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

திருச்சபை இப்பெயருக்குக் காட்டிய வணக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1274-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கம், இப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், சிறப்பாகத் திருப்பலி வேளையில், தலை வணங்கவேண்டும் என்று விதித்தது. இன்றைய திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் இயேசுவின் பெயர் உரைக்கப்படும்போது தலை வணங்குவதை ஒழுங்காகக் கூறுகின்றது. நம் பாட்டிமார் காரணம் கேளாமலேயே இதனைச் செய்து வந்தார்கள். நாம் அதனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம்.

பீடத் துணிகளிலும், குருக்களின் திருவுடைகளிலும், சில இடங்களில் திருப்பலி அப்பத்திலும் ‘ஐ.எச்.எஸ்.’ என்னும் மூன்றெழுத்துகளை நாம் காண்கிறோம். இயேசு என்பதைக் கிரேக்கத்தில் எழுதினால் வரும் முதல் மூன்று எழுத்துகளே அவை. இத்தாலி நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியாகிய சியன்னா நகர்ப் புனித பெர்நார்தீன் (1380-1444) இச்சின்னத்தை ஊர்தோறும் பரப்பினார். அந்நாளில் இத்தாலிய நகரங்கள் கட்சிகளாய்ப் பிளவுண்டு கிடந்தன. கட்சிக்காரர்கள் தத்தம் கட்சிச் சின்னத்தை வீட்டு முகப்பில் பொறித்து, ஒருவர் ஒருவரை வெட்டி மாய்த்தனர். அச்சின்னங்களை அகற்றி, கதிர் வீசும் வட்டத்துள் எழுதிய இயேசுவின் பெயரை வைக்கும்படி பெர்நார்தீன் மக்களை வேண்டினார். இதற்காகவே அவர்மேல் பழி சுமத்தப்பட்டது. எழுத்தை வணங்கக் கற்பிக்கிறார் என்று குற்றம் சாட்டி அவரை உரோமைக்கு வரவழைத்தனர். திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் காலத்தில் அவர் குற்றமற்றவர் என்பது தெளிவாயிற்று. சியன்னா நகர மன்ற மாளிகையின் முகப்பில் அச்சின்னத்தை இன்றும் காணலாம். 1540-இல் திருத்தந்தையின் ஏற்பைப் பெற்ற இயேசு சபையும் அதனையே தன் முத்திரையாகக் கொண்டது.

இயேசுவின் திருப்பெயர் விழா 1721-இல் உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று. 1969-ஆம் ஆண்டின் நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. பின்னர் 2002-இல் வெளிவந்த திருப்பலி நூலில், சனவரி 3-ஆம் நாளுக்குரிய விருப்ப நினைவாக மீண்டும் இடம்பெற்றது.

மந்திரம் அன்று

இப்பெயருக்கு ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றல் எத்தகையது? திருத்தூதர் பணிகள் நூல் இதற்கு இரு நிகழ்ச்சிகளை நம்முன் வைக்கின்றது.

கோவிலின் ‘அழகுவாயில்’ அருகே, பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவர் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளியும் பொன்னும் இல்லாத பேதுரு, நாசரேத்து இயேசுவின் பெயரால் அவரை எழுந்து நடக்கச் செய்தார். கூட்டம் வியந்து நின்றது. தம் சொந்த வல்லமையாலோ பக்தியாலோ இதனைச் செய்ததாக எண்ணவேண்டா என்று பேதுரு உடனே அவர்களைத் தடுத்தார். இயேசுவின் பெயர்மீது கொண்ட நம்பிக்கையே இவரை எழுப்பிற்று என்றார். பெயரைச் சொன்னவர் பின்னே ஒதுங்கி, பெயருக்கு உரியவரை முன்னே நிறுத்தினார்.

மற்றொன்று எபேசு நகரில் நடந்தது. ஸ்கேவா என்னும் யூதத் தலைமைக் குருவின் மைந்தர் எழுவர், பவுல் அறிவிக்கும் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்ட முற்பட்டனர். இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று தீய ஆவி கேட்டது. பேய் பிடித்த மனிதன் அவர்கள்மேல் பாய, ஆடையின்றிக் காயங்களோடு ஓடினர். அவ்வூரில் நம்பிக்கை கொண்டோருள் பலர் தங்கள் மாந்திரிக நூல்களைக் கொண்டுவந்து யாவரும் காண எரித்தனர். அவற்றின் விலை 50,000 வெள்ளிக் காசு என்று கணக்கிட்டதாகத் திருநூல் கூறுகின்றது.

எபேசு மைந்தர் சொன்ன பெயரில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. அவர்களுக்கும் இயேசுவுக்கும் இடையே உறவுதான் இல்லை. அவர்களைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமை உண்டோ? இன்னின்ன செபத்தை ஒன்பது பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று அன்று அஞ்சலட்டைகள் வந்தன. இன்று அதே செய்தி கைப்பேசியில் வருகின்றது. அச்சத்தால் அதனைப் பிறருக்குத் தள்ளிவிடுகிறோம். இயேசுவின் பெயரை இத்தனை தடவை உரக்கச் சொன்னால் இன்ன வேலை கைகூடும் என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடுகிறோம். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது தவறன்று. கீழைத் திருச்சபைத் துறவியர் மூச்சோடு இயைத்து இயேசுவின் பெயரை இடைவிடாது செபிப்பதுண்டு. அவர்கள் அதனைக் கடவுளை இழுத்துப் பிடிக்கும் கயிறாகக் கொள்ளவில்லை. அவர் திருமுன் நிற்பதற்குரிய வழியாகவே கொண்டார்கள்.

அழைத்தும் கிடைக்காதபோது

இங்கே பல குடும்பங்களின் உள்ளத்தில் உள்ள வேதனையைப் பேசாமல் விட முடியாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் அமர்ந்து இயேசுவின் பெயரைச் சொல்லி அழுத தாய் உண்டு. விடிந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. நம்பிக்கை போதவில்லை என்று எவரோ அவளிடம் கூறிவிடுகின்றனர். இதனைக் காட்டிலும் கொடிய சொல் வேறில்லை. அது உண்மையுமன்று.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் தந்தையை ‘அப்பா’ என்று அழைத்துக் கதறினார். அரமேய மொழியில் பிள்ளைகள் தந்தையை அழைக்கும் அச்சொல்லைப் புனித மாற்கு அப்படியே நமக்குத் தந்திருக்கிறார். தமிழ்ப் பிள்ளைக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. துன்பக் கிண்ணம் அகற்றப்பட வேண்டும் என்பது அவர் மன்றாட்டு. கிண்ணம் அகலவில்லை. இறைமகனின் நம்பிக்கை குறைவுற்றதென்று யார் சொல்லத் துணிவார்? திருத்தூதர் பவுலும் தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு மூன்று தடவை வேண்டினார். முள் நீங்கவில்லை, அருள் தரப்பட்டது. திருப்பெயரைச் சொல்லி முடவரை நடக்கச் செய்த அதே பேதுரு, அதே பெயருக்காகச் சாட்டையடி பெற்றார்; அதனை மதிப்பாக எண்ணி மகிழ்ந்தார்.

எனவே திருப்பெயரின் ஆற்றலைக் கேட்டது கிடைத்ததா என்பதைக் கொண்டு அளக்க இயலாது. உடன் இருப்பேன் என்று ஓரேபில் சொன்னவர், அப்பெயரைச் சொல்லும் எவரையும் தனியே விடுவதில்லை. இரவெல்லாம் அழுத அந்தத் தாய் வெற்றிடத்தை நோக்கிக் கூவவில்லை. தம் மகனைச் சிலுவையில் கண்ட தந்தையை அழைத்தாள். ஆகாரைக் கண்டவர் அவளையும் கண்டார். இதற்குமேல் நாம் விளக்கம் கூறவேண்டியதில்லை; அவள் அருகில் அமர்ந்து, அவளோடு அப்பெயரைச் சொன்னால் போதும்.

தமிழ் நாவில் திருப்பெயர்

நம் முன்னோர் கடவுளை எப்பெயரால் அழைப்பது என்று பெரிதும் சிந்தித்தனர். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூலுக்கு ‘தம்பிரான் வணக்கம்’ என்பது பெயர். 1578-இல் கொல்லத்தில் அது அச்சாயிற்று. முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசு அதனை ஆக்கினார். 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நோபிலி, அனைத்திற்கும் தலைவர் என்னும் பொருளில் ‘சருவேசுரன்’ என்ற சொல்லைக் கையாண்டார். நம் பாட்டன்மாரின் செபங்களில் அச்சொல் பல தலைமுறை ஒலித்தது. தூய ஆவியாரை அவர்கள் போர்த்துக்கீசியத்தை ஒட்டி ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றனர். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘கடவுள்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் கூறுகின்றது. சொற்கள் மாறியுள்ளன, அழைக்கப்பட்டவர் ஒருவரே.

திருப்பெயரைத் தம் பெயரிலேயே தாங்கி வாழ்ந்த ஒருவரை நம் மண் ஈந்துள்ளது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்டர், 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார். எலயாசர் என்னும் எபிரேயப் பெயரின் மரூஉவே அது. கடவுள் உதவினார் என்பது பொருள். அதனைத் தமிழாக்கித் ‘தேவசகாயம்’ என்று வழங்கினர். சாதி வேறுபாடு பாராது எல்லோரோடும் பழகிய அவர், சிறையுற்று, துன்புற்று, 1752 சனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கடவுள் உதவினார் என்ற பெயருடையவர் கைவிடப்பட்டவர்போல் மடிந்தார் என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். அவர் பெயர் பொய்க்கவில்லை என்பதை இன்று உலகம் அறியும்.

தூயதெனப் போற்றுவது எப்படி?

ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் முதன்முதலாகக் கேட்பது உணவன்று, மன்னிப்பன்று. தந்தையின் பெயர் தூயதெனப் போற்றப்பட வேண்டும் என்பதே. அவர் பெயர் நம்மால் தூய்மை அடையப்போவதில்லை. ஆனால் நம்மால் இழிவுறக்கூடும். கடவுளின் மக்கள் என்று பெயர் பெற்றவர்கள் நடந்துகொண்ட முறையால், வேற்றினத்தார் நடுவில் தம் பெயர் தீட்டுப்பட்டது என்று இறைவாக்கினர் எசேக்கியேல் வழியாக ஆண்டவர் வருந்துகிறார்.

கடைப் பலகையில் திருப்பெயர் விளங்க, உள்ளே எடை குறைந்தால் அங்கே இரண்டாம் கட்டளை மீறப்படுகின்றது. திருப்பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்து, அந்தச் சொல்லைக் காற்றில் விட்டாலும் அவ்வாறே. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என இருக்கும்படி ஆண்டவர் கற்பித்தார். அவ்வாறு இருந்தால் அவர் பெயரைச் சாட்சிக்கு இழுக்கவேண்டிய தேவையே நேராது.

இதனினும் பெரிய இழிவு ஒன்று உண்டு. திருமுழுக்கில் தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் ஒரே திருப்பெயர் நம் எல்லோர்மேலும் சூட்டப்பட்டது. சபையில் செல்வருக்கு நல்லிடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தருவோரைக் கடிந்துரைக்கும் புனித யாக்கோபு, அந்தச் செல்வர்களே மக்கள்மேல் சூட்டப்பட்ட அந்த மேலான பெயரைப் பழிக்கின்றனர் என்பதை நினைவூட்டுகிறார். அத்திருப்பெயருக்கு மேலாகச் சாதியின் பெயரைத் தூக்கிப் பிடித்து, தேர் வடம் பிடிப்பதிலும், கல்லறைத் தோட்டத்திலும், பெண் கொடுத்து எடுப்பதிலும் வேலி போடும்போது நாம் என்ன செய்கிறோம்? நம் செபத்தின் முதல் மன்றாட்டை நம் கையாலேயே அழிக்கிறோம். பெர்நார்தீன் இன்று நம் தெருவில் வந்தால், எந்தச் சின்னத்தை எடுத்துவிடச் சொல்வார் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்கள் எளிதாய்ச் செய்யக்கூடியவை சில உள்ளன. பிள்ளைக்குப் பெயரிடும்போது, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்க்குமாறு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் பங்குக் குருவையும் கேட்டுக்கொள்கின்றது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருந்தாலும், அப்பெயர்களின் பொருளையும் அவற்றுக்குரிய புனிதரின் வரலாற்றையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வோம். சிலுவை அடையாளத்தை ஈ ஓட்டுவதுபோல் வரையாது, மூவரின் பெயரையும் முழுமையாய்ச் சொல்லி வரைவோம். இயேசுவின் பெயரைக் கேட்கையில் தலை வணங்கும் பழைய வழக்கத்தைப் பிள்ளைகள் காண நாமே மீண்டும் தொடங்குவோம். நற்கருணை ஆசீரின் இறுதியில் நாம் சொல்லும் இறைபுகழ்ச்சிகள், இறைப்பழிப்புச் சொற்களுக்குப் பரிகாரமாக 1797-இல் லூயிஜி ஃபெலீச்சி என்னும் இயேசு சபைக் குரு இயற்றியவை. வீட்டில் கோபத்தில் தவறான சொல் எழுந்தால், அந்நாளின் குடும்பச் செபத்தில் அவற்றைச் சேர்த்துச் சொல்லலாம்.

உயிர்ப்பு நாள் காலையில் கல்லறை அருகே நின்று அழுத மகதலா மரியா, தம்முன் நின்றவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அவர் ‘மரியா’ என்று அழைத்த அக்கணமே அடையாளம் கண்டுகொண்டார். நாம் அவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே நம் பெயரைச் சொல்லி அழைத்தவர் அவர். இன்றிரவு குடும்பச் செபத்திற்கு அமர்கையில், விளக்கேற்றியபின் ஒரு நொடி அமைதி காத்து, அதன்பின் அவர் பெயரைச் சொல்வோம். அழைப்பது யாரை என்பது நம் பிள்ளைகளுக்கும் அப்போது விளங்கும்.